எவ்வளவு நாள் நிற்கும்?

உதட்டைச் சற்று எடுப்பாக்க வேண்டும் என்று வருபவர் முதலில் விலையைக் கேட்கிறார். அடுத்த மூச்சிலேயே "எவ்வளவு நாள் நிற்கும் டாக்டர்?" என்கிறார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்க முடியாது. ஒரு மில்லி ஃபில்லருக்கு ஆகும் செலவு, ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். ஆறேழு மாதத்தில் அது கரைந்துவிடும் என்று சொன்னால் அவர் முகம் வாடுகிறது. "நிரந்தரமா ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறார்.

நாமும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு உடன்பட்டுவிடுகிறோம். போட்டாக்ஸ் இரண்டு மூன்று மாதம், ஹயலுரானிக் அமில ஃபில்லர் ஆறு முதல் பன்னிரண்டு மாதம், கொழுப்பு மாற்று சில வருடம், அறுவை ஆயுளுக்கும் என்று அடுக்கிக் காட்டுகிறோம். அட்டவணையில் பிழை இல்லை. ஆனால் கீழே போகப் போகச் சிறந்தது என்ற எண்ணத்தை அது நோயாளி மனதில் விதைத்துவிடுகிறது. குறையில்லாத உதட்டை மெருகேற்றும் விருப்பத்துக்குக் கரையக்கூடியதைத்தான் கொடுக்க வேண்டும். பிறவியாலோ நோயாலோ விபத்தாலோ குறைபட்ட உதட்டுக்கு நிலைத்து நிற்பதைக் கொடுக்க வேண்டும். கால அளவைப் பணத்தோடு பொருத்துவதை விட்டு, வந்திருப்பவரின் தேவையோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆசிரியர் உரையின் வேண்டுகோள்.

ஒரு பொருள் உடலுக்குள் ஏன் சீக்கிரம் கரைகிறது, இன்னொன்று ஏன் நிற்கிறது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கடினமே இல்லை. டேனரிக்கு வரும் பச்சைத்தோலை ஊறவைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் போடும்போது முடி போகிறது. இழைகளுக்கு நடுவே இருக்கும் கூழ்மப் பொருள்களும் கழுவிப் போகின்றன. அவற்றில் முக்கியமானது ஹயலுரானிக் அமிலம். மிஞ்சுவது கொலாஜன் இழை. முன்பு ஆவாரம்பட்டையும் இப்போது பெரும்பாலும் குரோமியமும் அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. பதனிடாத தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சற்று நேரத்தில் சுருங்கிவிடும். நன்றாக குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். இரண்டிலும் கொலாஜன் ஒன்றே, பிணைப்புதான் வேறு.

உதட்டில் நாம் செலுத்திவந்த பொருள்களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. 1981 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸைடர்ம், மாட்டுத்தோலிலிருந்து பிரித்தெடுத்த கொலாஜன். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் அது நிற்கவில்லை. 1985 இல் வந்த ஸைபிளாஸ்ட், அதே கொலாஜனை குளூடரால்டிஹைடு கொண்டு பிணைத்தது. குரோமியம் இல்லாமல் தோல் பதனிடுவோர் பயன்படுத்தும் அதே வேதிப்பொருள்தான் அது. கொலாஜனின் மூவிழை அமைப்பை ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 55 ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னார்கள். அந்த ஆய்வுக்குத் துணை நின்றது அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் தொழிலுக்கும் நம் சிரிஞ்சுக்கும் இருக்கும் உறவு அவ்வளவு நெருக்கமானது.

மாட்டுக் கொலாஜனுக்கு முன்கூட்டியே முன்கையில் ஒவ்வாமைச் சோதனை செய்து நான்கு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சுமார் 3 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை தெரிந்தது. இந்தத் தொல்லையும் குறுகிய ஆயுளும் சேர்ந்து அதை ஒதுக்கிவிட்டன. அந்த இடத்துக்கு வந்தது டேனரியில் கழுவிவிடும் அந்த மற்றப் பொருள்தான். 1934 இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஹயலுரானிக் அமிலம், தோலில் தன்னியல்பாக ஓரிரு நாளுக்கு மேல் தங்காது. பிடிடிஇ என்ற பிணைப்பான் சேர்ந்தபின் அது மாதக்கணக்கில் நிற்கிறது. ரெஸ்டிலேன் அமெரிக்காவில் 2003 இல் முகச் சுருக்கத்துக்கும் 2011 இல் உதட்டுக்கும் அனுமதி பெற்றது. உதட்டுக்கான அனுமதி 21 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே. கல்யாணத்துக்கு முன்பு பத்தொன்பது வயதுப் பெண்ணை அம்மா அழைத்துவரும்போது இந்த எல்லையை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆம்பூர், மேல்விஷாரம், பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலர் கேட்கும் இன்னொரு கேள்வி, "இது ஹலாலா?" நேர்மையான பதில் நம்மிடம் தயாராக இருக்க வேண்டும். இன்றைய ஹயலுரானிக் அமிலம் பாக்டீரியா நொதித்தலில் தயாராவது, விலங்கிலிருந்து வருவதில்லை. ஆனால் அதைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் பெரும்பாலும் ஆடு, மாட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அறுவையில் வைக்கப்படும் சில உயிர்த்திசுத் தாள்கள் பன்றித்தோலிலிருந்து வருபவை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். மார்க்கம் அறிந்தவரிடம் கேட்டுவர அவகாசம் வேண்டுமென்றால் அதையும் கொடுக்க வேண்டும். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட நேரத்தில் மருந்தின் மூலத்தைப் பற்றிப் பேச அவகாசம் இருக்காது.

ஃபில்லர் எத்தனை மாதம் நிற்கும் என்பதற்கு நாம் சொல்லும் எண், கண்ணுக்குத் தெரியும் விளைவின் ஆயுள். உள்ளே இருக்கும் பொருளின் ஆயுள் அதைவிட நீளமானது. முகத்தின் நடுப்பகுதியில் போட்ட ஹயலுரானிக் அமிலம் ஆண்டுக்கணக்கில் மிஞ்சியிருப்பதை எம்ஆர்ஐ படங்கள் காட்டியிருக்கின்றன. உதடு ஓயாமல் அசையும் உறுப்பு, ரத்த ஓட்டமும் அதிகம். ஆகையால் அங்கே பொருள் விரைவில் சிதைகிறது. ஆனாலும் முழுதும் போய்விட்டது என்று எண்ணி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலும் மேலும் நிரப்பினால், சிவப்பு விளிம்பைத் தாண்டி மேலுதட்டுத் தோலுக்குள் அது பரவுகிறது. மீசை இடத்தில் ஒரு மேடு, பக்கவாட்டில் பார்த்தால் வாத்து மூக்கு போன்ற தோற்றம். அப்படி வருபவருக்கு இன்னொரு சிரிஞ்சு போடுவது சிகிச்சை ஆகாது. இருப்பதைக் கரைத்து, வீக்கம் வடியக் காத்திருந்து, பிறகு பார்க்க வேண்டும். முதல் நாள் எடுத்த நேர்முக, பக்கவாட்டுப் படங்களும், போட்ட பொருளின் பெயரும் அளவும் நோயாளியின் கையிலேயே ஒரு சீட்டாக இருந்தால், அடுத்த ஊரில் பார்க்கும் மருத்துவருக்கு அது பேருதவி.

நம் பகுதியில் உதடு மெலிந்திருக்கிறது என்ற குறையோடு வருபவர்களை விட, கறுத்திருக்கிறது என்று வருபவர்களே அதிகம். தென்னிந்திய உதடுகள் இயல்பிலேயே நிறைவானவை. மேலுதடு ஒரு பங்கு, கீழுதடு ஒன்றரைப் பங்குக்கும் மேல் என்ற மேலைநாட்டு அளவுகோலை இங்கே கொண்டுவந்து, இல்லாத குறையைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். கருமைக்கு ஃபில்லர் பதில் இல்லை. அதற்கான காரணத்தைத் தேட வேண்டும்: உதட்டைக் கடிக்கும், நாவால் ஈரப்படுத்தும் பழக்கம், புகை, லிப்ஸ்டிக் ஒவ்வாமை. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்களிடம் குரோமியத்தாலும் ஒட்டுப்பசையாலும் வரும் தோலழற்சியை நாம் தினமும் பார்க்கிறோம். உதட்டில் அழற்சி இருக்கும்போது ஊசியை எடுக்கவே கூடாது. ஹான்ஸ், குட்கா பழக்கம் உள்ளவரிடம் வாயைத் திறக்கச் சொல்லி, உதட்டின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். வாய்ச் சளிச்சவ்வு நார்த்தன்மை அடைந்து வெளிறியிருந்தால் அங்கே ஃபில்லர் சீராகப் பரவாது, சளிச்சவ்வை முன்னே நகர்த்தும் அறுவையும் கைகொடுக்காது. அவருக்கு முதலில் தேவைப்படுவது வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை.

அறுவை வழிகளில் மூக்கின் அடியில் தோலை வெட்டி மேலுதட்டைத் தூக்கும் லிப் லிஃப்ட்டே இப்போது பலர் கேட்பது. கார்டோஸோவும் ஸ்பெர்லியும் 1971 இல் விவரித்த முறை இது. வயதால் மேலுதடு நீண்டு பல் மறைந்துபோனவருக்கு ஃபில்லர் எவ்வளவு போட்டாலும் கிடைக்காத பலனை இது ஒரே அமர்வில் தரும், பல்லாண்டு நிற்கும். ஆனால் அதோடு கூடவே தழும்பும் நிற்கும். நம் மாநிறத் தோலில் தழும்பு கறுப்பதும் தடிப்பதும் அதிகம். மூக்கடி மடிப்பில் வைத்தால் ஓரளவு மறையும். சிவப்பு விளிம்பிலேயே வெட்டி உயர்த்தும் முறையில் தழும்பை மறைக்க இடமே இல்லை. நம் நோயாளிகளுக்கு இரண்டாவது முறையை மிக அரிதாகவே பரிந்துரைக்க வேண்டும். வெட்டியபின் மூக்கடியிலிருந்து விளிம்புவரை குறைந்தது 10 மில்லிமீட்டர் தோல் எஞ்சவில்லையென்றால் உதடு மூடாது. வெட்டியெடுத்த தோலைத் திரும்பக் கொடுக்க எவராலும் முடியாது.

உள்பக்கச் சளிச்சவ்வை வி-ஒய் வடிவில் முன்னே நகர்த்தும் முறையில் வெளித்தழும்பு இல்லை. வீக்கம் வாரக்கணக்கில் இருக்கும், தொடு உணர்வு மரத்துத் திரும்பச் சில மாதம் ஆகும். வயிற்றுக் கொழுப்பை எடுத்துச் செலுத்துவதில் எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கன்னத்தை விட உதட்டில் குறைவாகவே பிடிக்கிறது, இரண்டு அமர்வு தேவைப்படலாம், உடல் எடை கூடினால் உதடும் கூடலாம். சிலிகான், கோர்டெக்ஸ் பதியங்கள் இறுகுவதும் நகர்வதும் வெளியே துருத்துவதும் ஆவணப்படுத்தப்பட்டவை. திரவ சிலிகானும் பாலியக்ரிலமைடும் உதட்டுக்குள் போகவே கூடாது. பத்தாண்டு கழித்து வரும் கட்டிகளை வெட்டியெடுத்தால் உதட்டையும் சேர்த்து வெட்டியெடுக்க வேண்டிவரும்.

நிலைத்து நிற்கும் சிகிச்சை யாருக்கு உரியது என்பதை வேலூர் வெகுகாலம் முன்பே கண்டிருக்கிறது. 1946 இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநார் மாற்று அறுவை செய்தார். அதன் பிறகு முகத்துக்கும் வந்தார். உதிர்ந்த புருவத்துக்குப் பதிலாகத் தலைத்தோலை நகர்த்துவது, அமுங்கிய மூக்கை உள்ளிருந்து நிமிர்த்துவது, மூடாத இமைக்கு மெல்லும் தசையின் ஒரு பட்டையைத் திருப்பிவிடுவது என்று அந்த வேலை விரிந்தது. 1955 இல் கரிகிரியில் தொடங்கிய ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அதை முன்னெடுத்தது. நோய் குணமான பிறகும் முகத்தைப் பார்த்து வேலை மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வரச் சொல்லும் சிகிச்சை அவர்களுக்கு எந்தப் பயனும் தந்திருக்காது. ஒருமுறை செய்தது கடைசிவரை நிற்க வேண்டியிருந்தது.

இன்று அந்த இடத்தில் இருப்பவர்கள் பிளவு உதட்டோடு பிறந்து, குழந்தையில் தையல் போட்டுக்கொண்டு, இப்போது கல்யாண வயதில் இருக்கும் இளைஞர்களும் பெண்களும். தழும்பின் கீழே சிவப்புப் பகுதி போதாமல், வாய் மூடியபோதும் நடுவில் ஒரு சிறு இடைவெளி தெரிகிறது. குறை சிறிதாக இருந்தால், முதலில் ஹயலுரானிக் அமிலத்தைக் கொஞ்சமாகப் போட்டு, வடிவம் அவருக்கு ஒத்துவருகிறதா என்று சில மாதம் பார்த்து, பிறகு கொழுப்பு மாற்றுக்குப் போவது நல்ல வழி. கரையும் பொருளை அங்கே ஒரு ஒத்திகையாகப் பயன்படுத்துகிறோம். மேலுதடே இறுகிக் குறுகியிருந்தால் கீழுதட்டிலிருந்து முக்கோணத் துண்டைத் திருப்பி வைக்கும் அபே மடல் வேண்டும். 1898 இல் நியூயார்க்கில் ராபர்ட் அபே செய்த அறுவை அது. இரண்டு மூன்று வாரம் உதடுகள் ஒட்டியிருக்கும், ஷிஃப்ட் வேலை போகும், சாப்பாடு திரவமாகத்தான். ஆனாலும் அந்த உதடு அவரோடு முதுமைவரை கூட வரும். இப்படி வருபவரை அழகு சிகிச்சைப் பட்டியலில் சேர்த்து ஃபில்லர் விலை சொல்லி அனுப்புவது நம் துறைக்கு அழகல்ல. இந்த வட்டாரத்தில் பிளவு உதடு சீரமைப்பு செய்யும் மையங்களுக்கு அவரை வழிகாட்ட வேண்டும். குழந்தைப் பருவத்தில் அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்கு, பெரியவரான பிறகும் செய்ய வழி இருக்கிறது என்பதே தெரியாது.

கடைசியாக, அவசரமான ஒன்று. நம் நோயாளிகளில் கணிசமானோர் சென்னையிலோ பெங்களூரிலோ ஊசி போட்டுக்கொண்டு அன்றே ரயிலேறி ஊர் திரும்புகிறார்கள். வேறு சிலர் அழகு நிலையத்தில் ஊசியில்லாப் பேனாவால் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கருவியை உதட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரிலேயே எச்சரித்துவிட்டது. உதட்டுத் தமனி பெரும்பாலோரிடம் தசைக்கும் உள்சளிச்சவ்வுக்கும் இடையே ஓடுகிறது, சிலரிடம் தசைக்குள்ளும் தோலடியிலும். அடைப்பின் அறிகுறி சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். மாநிறத் தோலில் வெளிறலைத் தோலின் மேல் தேடினால் ஏமாந்துவிடுவோம். உதட்டின் உட்புறத்தைப் பாருங்கள், விரலால் அழுத்தி விட்டதும் நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள், அசாதாரண வலியைச் சாதாரண வீக்கம் என்று தள்ளாதீர்கள். அடைப்பென்று பட்டால் உதட்டுப் பகுதிக்கு 500 யூனிட் ஹயலுரானிடேஸ், நிறம் திரும்பும்வரை மணிக்கொருமுறை என்பது டிலொரென்ஸி 2017 இல் வகுத்த முறை. ஒரு குப்பி போதாமல் போகலாம். இரவு பதினொரு மணிக்கு ஆம்பூரில் அந்த மருந்து கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கண் அறுவைக்கு முன் போடும் மயக்க ஊசியோடு சேர்ப்பதற்காக அதை வைத்திருக்கும் கண் மருத்துவமனைகள் நம் ஊர்களில் உண்டு. அவர்களோடு இப்போதே பேசி, யாரிடம் எத்தனை குப்பி இருக்கிறது, எந்தத் தேதிவரை செல்லும், இரவில் யாரை அழைப்பது என்று ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் ஒட்டிவையுங்கள்.