தழும்பு சின்னது, ஆபரேஷன் பெரியது

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி பொம்மசந்திரா பக்கம் போனால், மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வந்தவர்கள். கூடவே, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் ஐ.டி. பிள்ளைகள். அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்றதும் வரும் அழுகை, 'லேப்ராஸ்கோப்பியில் செய்துவிடலாம்' என்று டாக்டர் சொன்னதும் பாதி அடங்கிவிடும். "ஓட்டை போட்டுப் பண்றதுதானே அண்ணே, மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்ல?"

ஓட்டைதான். ஆனால் உள்ளே நடப்பதில் குறைவேதும் இல்லை. நாலைந்து சிறு துளைகள், ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்பவைத்து, கேமராவில் பார்த்தபடி கட்டியுள்ள குடல் பகுதியையும் அதைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றுகிறார்கள். குறைந்தது 12 கணுக்களையாவது சோதித்தால்தான் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நம்பிச் சொல்ல முடியும். வெட்டியதை வெளியே எடுக்கச் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தனியாக ஒரு கீறலும் உண்டு.

துளைகளில் புற்று பரவிவிடுமோ என்று தொடக்கத்தில் மருத்துவர்களே பயந்தார்கள். அமெரிக்காவில் 872 நோயாளிகளை வைத்து நடந்து, 2004-இல் வெளியான ஆய்வின் முடிவு அந்தப் பயத்தைப் போக்கியது. வயிற்றைத் திறந்து செய்தாலும் துளையிட்டுச் செய்தாலும், நோய் திரும்ப வருவது ஏறக்குறைய ஒரே அளவுதான். மருத்துவமனையில் தங்கும் நாள் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அவ்வளவே! அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு, துளையில் தொடங்கிப் பிறகு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. அதைத் தோல்வியாக நினைக்கக் கூடாது. அது டாக்டரின் நிதானம்.

மறுநாளே எழுப்பி நடக்கவைப்பார்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று பலர் பதறுவார்கள். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. ஓரிரு நாளில் போய்விடும். காலை ரவுண்ட்ஸில் தவறாமல் வரும் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

இவ்வளவு சின்னத் தழும்பைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் ஏமாந்துபோவதுதான் எனக்குக் கவலை. குடலை இணைத்த இடம் கசிந்தால், அது டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தெரியவரலாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வாந்தி, படபடப்பு என்று வந்தால், தையல் நன்றாக ஆறியிருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. கீமோதெரபி வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது பின்னால் வரும் பயாப்ஸி ரிப்போர்ட். தழும்பின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே டிஸ்சார்ஜ் அன்று பில்லைச் சரிபார்ப்பதோடு, ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஓசூருக்குக் கார் ஏறுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.