முள் எழுத்து

திண்டுக்கல்லில் என் நண்பர் வீட்டில் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தார். நல்ல கனமான அட்டை. மூலையில் மஞ்சள், ஓரத்தில் தங்க ரேகை. எல்லாம் லட்சணந்தான். மண்டபத்தின் பெயரை மட்டும் படிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு பக்கம் ஆங்கிலம்: கொம்பும் கொக்கியுமாக, பழைய ஐரோப்பியக் கோட்டைக் கதவில் அடித்த இரும்பு வேலைபோல, அத்தனையும் பெரிய எழுத்தில். மறுபக்கம் தமிழ். அதற்கும் அதே கொம்பு முளைத்திருந்தது.

"பத்திரிகை எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"மண்டபம் எது?" என்றேன்.

வாயால் சொன்னார். அப்படியானால் பத்திரிகை எதற்கு என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

'காத்திக்' என்று சொல்லும் இந்த எழுத்தின்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பிறவியில் அது அலங்காரமே அல்ல. தோலில் எழுதிய காலத்தில், தட்டை முனைப் பேனாவால் இடத்தை மிச்சம் பிடித்து நெருக்கி எழுதிய எழுத்து. 1455 வாக்கில் கூட்டன்பர்க் பைபிளை அச்சிட்டபோது, கைப்பிரதி மாதிரியே இருக்கட்டும் என்று இதையே வார்த்தார். அன்றைய வாசகனுக்கு அது பழகின முகம். நமக்கு?

பழகினவனையே அது படுத்தியிருக்கிறது. 'மினிமம்' என்ற ஆங்கில வார்த்தையை அந்தப் பேனாவால் எழுதினால் வேலிக் குச்சிதான் தெரியும். எது எந்த எழுத்தின் கால் என்று அடையாளம் காட்டத்தான் 'ஐ' எழுத்துக்குத் தலைக்குறி வந்தது. நம்மவர்கள் ஓலை பொத்தலாகிவிடுமென்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள், படிக்கிறவன் ஊகித்துக்கொண்டான். அச்சு வந்துதான் புள்ளி நிலைத்தது. கிடைத்த தெளிவைக் காசு கொடுத்துத் தொலைக்கிறோம்.

தமிழில் இந்த வேலை இன்னும் மோசம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று சொல்லித்தானே குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறோம்? சுழியை ஒடித்துக் கோணமாக்கினால் எதை எண்ணுவது? அந்தப் பத்திரிகையில் மணமகனா மனமகனா என்று கடைசி வரை எனக்கு விளங்கவில்லை.

ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் தங்கள் பாஷையை இந்த முள் எழுத்தில்தான் அச்சடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடி மிஷனுக்காகத் தமிழ் எழுத்தும் அங்கேயே வெட்டி வார்த்தார்கள். அது அளவில் பெரிதென்று தரங்கம்பாடியிலேயே சிறியதாக வார்த்துக்கொண்டு, 1715ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தமிழின் வளைவை வளைவாக விடவேண்டுமென்று தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்குத் தெரியவில்லை.

அச்சகத்தில் கேட்டால், "கௌரவமா இருக்குங்கய்யா, பார்ட்டியே கேக்கறாங்க" என்கிறார்கள். இருக்கலாம். 'நியூயார்க் டைம்ஸ்' தன் பெயரை இந்த எழுத்தில்தான் போடுகிறது, கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை; முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அதிலும் வார்த்தையின் முதலெழுத்துதான் பெரியது. ஊரறிந்த பெயருக்குச் சரி, சான்றிதழின் தலைப்புக்கும் சரி. தேதி, முகூர்த்த நேரம், வழி எல்லாம் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை. அங்கே இதற்கு என்ன வேலை? பூட்டு இந்த ஊரின் பெருமை. 2019ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அதற்காகக் கல்யாணப் பத்திரிகைக்குமா பூட்டுப் போடுவது?

முகூர்த்தத்தன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். வடமதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதே பத்திரிகையை ஆட்டோக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்டபம் பேரு என்னங்கய்யா?"

"அதுலதானப்பா போட்டிருக்கு" என்றார் பெரியவர்.