ஐந்தாவதாக வருபவன்

நகர்வல ஓட்டக் குழுவிற் சேர விரும்பியும் தயங்கி நிற்கும் மாணவர் பலர். வேகமுள்ளவனுக்கே அங்கு இடமுண்டு என்பது அவர்தம் எண்ணம். அதனை நாம் ஏற்கோம். குழுப் போட்டியில் ஐவரோ அறுவரோ, விதி வகுத்த தொகையினர் பெற்ற இட எண்களைக் கூட்டுவர். கூட்டுத்தொகை குறைந்த குழுவே வெல்லும். முதலிரு இடங்களையும் பெற்ற கல்லூரி, தன் ஐந்தாமவன் நாற்பதாவதாக வந்தமையால் தோற்றலுங் கூடும். ஆகவே, ஒருநாட் தேர்வோட்டத்திற் பின்தங்கியவனைத் திருப்பியனுப்புதல் குழுவுக்கே நட்டமாம்.

படிப்புக் கெடும் என்பர் பெற்றோர். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் படுக்கையிற் கிடப்பவனும் படிக்கின்றானில்லை! சப்பாத்தில்லை என்பதும் பெருந்தடையன்று. 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பியரான அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் மரதன் ஓடி வென்றார். நம் நகரத்துத் தார்வீதியில் நண்பகலில் அதனைப் பரீட்சிக்குமாறு எவருக்குங் கூறோம்.

உண்மையில் அஞ்சத்தக்கது வெயிலே. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் நகர்வல ஓட்டத்திற் புறப்பட்ட 38 பேரில் 15 பேரே இலக்கை அடைந்தனர். ஏனையோர் பலரை வெப்பம் வீழ்த்தியது. அதன்பின் ஒலிம்பிக்கில் அவ்வோட்டம் நடைபெறவில்லை. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையின் வெம்மையை நாமறிவோம். ஆதலின் பயிற்சி விடியலிலேயே நிகழல் வேண்டும். டச்சுக்குடா மணலும், கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியும் இருக்க, வேறு களம் தேடுவானேன்? வழியிற் குடிநீரும், கடைசியாக வரும் பையனுடன் சைக்கிளிற் செல்ல ஓர் ஆசிரியரும் வேண்டும். குடிநீர்ச் செலவைப் பழைய மாணவராகிய நாமே ஏற்கலாம்.