ஊமை எழுத்துக்கும் உறவுக்காரர் உண்டு!



ஆங்கில டிக்டேஷன் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். காரணம் என்ன? காதில் விழுவது ஒன்று, தாளில் எழுத வேண்டியது வேறொன்று. "சைன்" என்று ஒரு சொல். அதன் நடுவில் ஒரு "ஜி" உட்கார்ந்திருக்கிறது. அது வாயே திறக்காது. ஆனால் எழுதாமல் விட்டால் மார்க் போச்சு! தப்பான சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொல்கிறார்கள். பத்து முறை எழுதினால் கை வலிக்கிறது. அந்த "ஜி" ஏன் அங்கே இருக்கிறது என்பது மட்டும் கடைசி வரை தெரிவதில்லை.

என் கருத்து இதுதான். ஊமை எழுத்து உள்ள சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யக் கூடாது. அதே எழுத்து வாய் திறந்து பேசுகிற உறவுச் சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கொஞ்சம் இதைப் பாருங்கள்:

1. சைன் – கையெழுத்திடு, அடையாளம். இதில் "ஜி" ஊமை. இதன் உறவுகள்: சிக்னல் – சைகை, சிக்னேச்சர் – கையொப்பம். இரண்டிலும் "ஜி" நன்றாகப் பேசுகிறது.

2. ரிசைன் – பதவி விலகு. "ஜி" ஊமை. உறவு: ரெசிக்னேஷன் – பதவி விலகல். "ஜி" பேசுகிறது.

3. மஸில் – தசை. "எஸ்"ஸுக்குப் பின்னால் வரும் "சி" ஊமை. உறவு: மஸ்குலர் – தசை சார்ந்த, கட்டுடல் கொண்ட. "சி" பேசுகிறது.

4. கண்டெம் – கண்டனம் செய். கடைசி "என்" ஊமை. உறவு: காண்டெம்னேஷன் – கண்டனம். "என்" பேசுகிறது.

5. டெட் – கடன். "டி"க்கு முன்னால் நிற்கும் "பி" ஊமை. பேட், பால் இவற்றில் வருமே, அந்த "பி". உறவு: டெபிட் – கணக்கில் பற்று. ஏ.டி.எம். கார்டில் தினமும் பார்க்கிற சொல்தான்!

6. ரிசீட் – ரசீது. இதில் ஊமையாக இருப்பது பென், பேப்பர் இவற்றில் வரும் "பி". உறவு: ரிசப்ஷன் – வரவேற்பு. கல்யாண வீட்டு போர்டில் படித்திருப்பீர்களே!

பார்த்தீர்களா? சிக்னல் தெரிந்தவனுக்கு சைனில் "ஜி" மறக்காது. ரிசப்ஷன் தெரிந்தவளுக்கு ரிசீட்டில் "பி" விட்டுப் போகாது. ஸ்பெல்லிங்கும் வந்தது, கூடவே இன்னொரு சொல்லும் அதன் பொருளும் சும்மா கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

தமிழில் நாம் இப்படித்தானே படிக்கிறோம்? எழுது, எழுத்து, எழுத்தாளர் என்று மூன்றையும் தனித்தனியாக யாராவது நெட்டுரு போடுகிறோமா? ஒன்று தெரிந்தால் மற்றதும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு சொல்லையும் அநாதையாக நிற்க வைத்துப் படிக்க வேண்டும்?

"பேசாத எழுத்து எதுக்குடா? தூக்கிப் போட வேண்டியதுதானே!" என்று சில நண்பர்கள் கேட்கலாம். பெரிய பெரிய ஆட்களே முயன்று பார்த்திருக்கிறார்கள். நாடக ஆசிரியர் பெர்னாட் ஷா 1950-ல் இறந்தார். ஆங்கிலத்துக்குப் புது எழுத்து வரிசை உருவாக்கத் தன் உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். 40-க்கும் மேற்பட்ட எழுத்துகளோடு அது உருவானது. 1962-ல் அவருடைய நாடகம் ஒன்று அதில் அச்சாகி வந்தது. ஆனால் மக்கள் அதற்கு மாறவில்லை. ஆகவே எழுத்து மாறும் என்று நாம் காத்திருந்து பயனில்லை. படிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

"போனில் தட்டினால் அதுவே திருத்திக் கொடுக்குமே" என்பார்கள் இன்னும் சிலர். உண்மைதான். ஆனால் பரீட்சை ஹாலில் பேனாவும் நாமும் மட்டும்தான்! அதோடு, போன் ஸ்பெல்லிங்கைத் திருத்தும். சொல்லுக்குச் சொல் உள்ள உறவை நமக்குப் புரிய வைக்காது.

எல்லாச் சொல்லுக்கும் இந்த வழி சரிப்பட்டு வருமா? வராது. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ – முழங்கால், நைஃப் – கத்தி, நாட் – முடிச்சு. இவற்றின் முதலில் உள்ள "கே" ஒரு காலத்தில் இங்கிலாந்தில் உச்சரிக்கப்பட்டதுதான். ஜெர்மன் மொழியில் முழங்காலை இன்றும் "க்னீ" என்று "கே"யோடுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. இந்த மாதிரிச் சொற்களை ஒரே கூட்டமாக எழுதி வைத்துக்கொண்டால் போதும்: தொடக்கத்தில் "கே"யை அடுத்து "என்" வந்தால் "கே" ஊமை.

ஐலண்ட் – தீவு. இதில் உள்ள "எஸ்" இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லில் "எஸ்" கிடையாது. லத்தீனிலிருந்து வந்த ஐல் என்ற வேறு சொல்லுக்கும் தீவு என்றுதான் பொருள். அதுவும் இதுவும் சொந்தம் என்று நினைத்து, பின்னால் வந்தவர்கள் "எஸ்"ஸை இதிலும் நுழைத்துவிட்டார்கள். இப்படிக் கதை தெரிந்தாலே அந்தச் சொல் மறக்காது, இல்லையா?

கடைசியாக, ஆசிரியர்களிடம் பணிவான ஒரு வேண்டுகோள். காலையில் கரும்பலகையில் "இன்றைய சொற்கள்" என்று ஐந்து சொற்கள் எழுதுகிறோம். அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாளாவது ஒரே குடும்பத்துச் சொற்களாக எழுதலாமே! டிக்டேஷனில் தப்பு வந்தால் பத்து முறை எழுதச் சொல்வதற்குப் பதில், "இதன் உறவுச் சொல்லைக் கண்டுபிடித்து, பொருளோடு ஒரு முறை எழுதி வா" என்று சொல்லலாமே! அகராதியைப் புரட்டுகிற பழக்கமும் தானாக வரும். நம்மில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் கிடையாது. டியூஷனுக்குப் போக வசதி கிடையாது. இந்த முறைக்குக் காசு செலவில்லை. ஒரு அகராதியும் கொஞ்சம் ஆர்வமும் இருந்தால் போதும்.

நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை. டவுட் – சந்தேகம். இதில் பேட், பால் இவற்றில் வரும் அதே "பி" ஊமையாக இருக்கிறது. அது பேசுகிற உறவுச் சொல் எது? கண்டுபிடித்தவர்கள் இந்தத் தாளின் கீழே உள்ள வெற்றிடத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் போங்கள்.



– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு