விரலுக்கேற்ற வீக்கம், கணினிக்கேற்ற திரை

கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் காலம் பெரும்பாலும் மலையேறிவிட்டது. 2019-ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியிலேயே மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. நம் தங்கும் விடுதிகளிலும் இரவு பதினொரு மணிக்கு மேல் எத்தனை அறைகளில் வாலரண்டும் டோட்டாவும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது நாம் அறியாததன்று. ஆகவே, மாணவர்கள் விளையாடலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. விளையாடுவது என்று முடிவாகிவிட்ட பிறகு, கையில் இருக்கும் சிறு தொகையை எப்படிப்பட்ட திரையில் போடுவது என்பதுதான் கேள்வி.

சிறு தொகை என்று சொல்லிவிட்டேன். ஆனால், 600 ரிங்கிட் என்பது நம்மில் பலருக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. அது பி.டி.பி.டி.என். கடனிலிருந்து வந்தால், பட்டம் வாங்கி வேலைக்குப் போன பின்பும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். வார இறுதியில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணமாக இருந்தால், அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய பணத்தை நம் மாணவர்கள் எப்படிச் செலவிடுகிறார்கள்? பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் பார்த்துத் திரை வாங்குகிறார்கள். தங்கள் மேசையின் மேல் இருக்கும் கணினியைப் பார்த்து வாங்குவதில்லை. இதுவே என் குறை.

முதலில் கணினியைப் பாருங்கள்

ஒரு திரைக்கு 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், விநாடிக்கு 144 முறை படத்தைப் புதிதாகக் காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு என்று பொருள். அவ்வளவுதான். அந்த 144 படங்களையும் வரைந்து அனுப்ப வேண்டியது கணினியின் வேலை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மடிக்கணினி ஒரு புதிய விளையாட்டில் விநாடிக்கு 45 படங்களை மட்டுமே தருகிறது என்றால், 240 ஹெர்ட்ஸ் திரையிலும் நாம் காண்பது அந்த 45 படங்களைத்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர்கள் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

விளையாட்டையும் பார்க்க வேண்டும். வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் போன்ற சுடும் விளையாட்டுகளுக்கு வேகமான திரை உண்மையிலேயே உதவும். ஆனால், எல்டன் ரிங், டெக்கன் 8 போன்றவை விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் போகாதபடி உருவாக்கியவர்களாலேயே வரையறுக்கப்பட்டவை. அவற்றை மட்டுமே ஆடுகிறவர் அதிவேகத் திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, மாமாக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போவதற்குப் பந்தயக் கார் வாங்குவதைப் போன்றது.

எதுவரை வேகம் தெரியும்?

வேகத்தைப் பற்றி ஓர் எளிய கணக்குப் போடலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைவெளி ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. 100 ஹெர்ட்ஸில் அது 10, 144-இல் 6.9, 240-இல் 4.2. அதாவது, 60-இலிருந்து 144-க்கு மாறும்போது ஒவ்வொரு படத்திற்கும் ஏறக்குறைய 9.7 மில்லி விநாடி மிச்சமாகிறது. 144-இலிருந்து 240-க்கு மாறும்போது மிச்சமாவதோ 2.8 மட்டுமே. முதல் படியைக் கண்ணும் கையும் உடனே உணரும். இரண்டாம் படியை நாள்தோறும் பயிற்சி செய்யும் போட்டியாளர் உணரலாம். பாடம் முடிந்து ஒரு மணி நேரம் ஆடும் நமக்கு அது விலைக்கேற்ற பயன் தராது.

இந்த வேகம் புதிய கண்டுபிடிப்பும் அன்று. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சைபர் கஃபேக்களில் கவுண்டர் ஸ்டிரைக் ஆடிய நம் முன்னாள் மாணவர்களுக்குத் தெரியும். அந்தத் தடித்த கண்ணாடிக் குழாய்த் திரைகளில் பல 85 ஹெர்ட்ஸில் ஓடின. பின்னர் மெல்லிய எல்.சி.டி. திரை வந்தபோது மேசையில் இடம் கிடைத்தது; வேகம் 60-க்கு இறங்கியது. இழந்ததைத்தான் இப்போது விலை கொடுத்துத் திரும்பப் பெறுகிறோம்.

கணினியின் வேகம் ஏறி இறங்கும்போது படம் குறுக்கே கிழிந்தாற்போல் தோன்றுவதுண்டு. திரை தன் வேகத்தைக் கணினிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் இத்தொல்லை இருக்காது. ஃப்ரீசிங்க் என்று குறிப்பிடப்படுவது இந்த வசதிதான். 2019 ஜனவரி முதல் என்விடியா நிறுவனமும் தன் கார்டுகளை இவ்வகைத் திரைகளோடு இயங்க அனுமதித்துவிட்டது. ஆகையால், ஜி-சிங்க் என்ற பெயருக்காகத் தனி விலை கொடுக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. சக்தி குறைந்த கணினி வைத்திருப்போருக்கு, 240 என்ற எண்ணைவிட இந்த வசதியே அதிகம் பயன்படும்.

அளவும் எழுத்தும்

நாம் அந்தத் திரையில் விளையாட மட்டுமா போகிறோம்? இடுபணி எழுத வேண்டும், ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும், நம் பேரவை இதழைப் பக்கம் அமைக்க வேண்டும். இங்கேதான் 27 அங்குல ஆசை காலை வாரிவிடுகிறது.

மலிவு விலை 27 அங்குலத் திரைகள் பலவற்றில் 1920-க்கு 1080 படப்புள்ளிகளே உள்ளன. 24 அங்குலத் திரையிலும் அதே எண்ணிக்கைதான். கணக்கிட்டால் 24-இல் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். 27-இல் 82 மட்டுமே. அதே புள்ளிகள் பெரிய இடத்தில் பரவிக் கிடக்கின்றன. எழுத்து பெரிதாகும், தெளிவு கூடாது. நம் எழுத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஆங்கில ‘எல்’ ஒரே ஒரு கோடு. நம் ‘ணை’, ‘ஞூ’ ஆகியவற்றில் எத்தனை சுழிகள், எத்தனை வளைவுகள்! அத்தனையையும் அதே உயரத்திற்குள் அடக்க வேண்டும். விடுதி மேசையில் திரைக்கும் முகத்திற்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இருப்பதில்லை. அவ்வளவு அருகில் அமர்ந்து பெரும்புள்ளித் திரையில் தமிழ் படித்தால், வளைவுகள் படிக்கட்டுகளாகத் தெரியும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 புள்ளிகளோடு வாங்க வேண்டும். அதற்கு விலையும் கூடும், கிராபிக்ஸ் கார்டின் சுமையும் கூடும். ஆதலால், குறைந்த பணத்தில் வாங்கும் மாணவருக்கு 24 அங்குலமே போதும் என்பேன்.

பேனல் வகையிலும் இதே நியாயந்தான். ஐ.பி.எஸ். பேனலில் நிறங்கள் நன்றாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் மாறாது. வி.ஏ. பேனலில் கருமை ஆழமாக இருக்கும். இருட்டறையில் படம் பார்க்க அழகு. ஆனால், மலிவான வி.ஏ. திரைகளில் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது பின்னால் கருநிழல் இழுபடுவதைக் காணலாம். விளையாட்டிலும் இது தொல்லை, கறுப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டிப் படிக்கும்போதும் தொல்லை. இந்த விலையில் நான் ஐ.பி.எஸ். பக்கம்தான் நிற்பேன்.

பெட்டியின் மேல் எழுதியவை

மின்னுவதெல்லாம் பொன்னல்ல. ‘1 மில்லி விநாடி’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரத்தின் மிகச் சிறந்த அளவு அது. அதுவும், வண்ணங்களின் ஓரத்தில் வெள்ளை நிழல் தோன்றும் அளவுக்குத் திரையை முடுக்கிவிட்டுப் பெற்றதாக இருக்கலாம். சில பெட்டிகளில் அந்த 1-க்குப் பக்கத்தில் சிறிதாக ‘எம்.பி.ஆர்.டி.’ என்றிருக்கும். அது வேறு அளவு; பின்விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்து பெறுவது. இரண்டையும் ஒப்பிடுவது மாங்காயையும் தேங்காயையும் ஒரே தராசில் வைப்பதாகும்.

எச்.டி.ஆர். என்ற சொல்லும் அப்படியே. மலிவுத் திரையில் ‘எச்.டி.ஆர். 10’ என்றிருந்தால், அவ்வகைப் படத்தை அது ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே உறுதி. அந்த ஒளியையும் கருமையையும் காட்டும் வலிமை அதற்கு உண்டு என்பதற்கு அது சான்றாகாது. இதற்காக ஐந்து ரிங்கிட்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்? உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய தாங்கிக்குக் கொடுக்கலாம். அசையாத தாங்கி உள்ள திரையின் முன் மூன்றாண்டுகள் கழுத்தைக் குனிந்து உட்காருவதன் விலையை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. அது கிடைக்காவிட்டால், பின்புறம் சுவர்த் தாங்கி பொருத்தும் துளைகளாவது உள்ளனவா என்று பாருங்கள். பின்னொரு நாள் தனித் தாங்கி வாங்கிக்கொள்ளலாம்.

கடையில் செய்ய வேண்டியவை

இணையத்தில் வாங்குவது எளிது. விலையும் சில சமயம் குறைவு. இருப்பினும், கோலாலம்பூரில் இருப்போர் ஒருமுறை லோ யாட் பிளாசாவுக்குச் சென்று நேரில் பார்ப்பது நல்லது. கையில் ஒரு பென்டிரைவ் கொண்டுசெல்லுங்கள். அதில் ஒரு தமிழ்க் கட்டுரை, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம், முழு வெள்ளைப் படம் ஒன்று, முழுக் கறுப்புப் படம் ஒன்று இருக்கட்டும். கட்டுரையைத் திறந்து நீங்கள் வழக்கமாக அமரும் தூரத்தில் நின்று படியுங்கள். கறுப்புப் பக்கத்தை வேகமாக உருட்டுங்கள். வெள்ளைப் படத்தில் இறந்த புள்ளிகளும், கறுப்புப் படத்தில் ஓரங்களில் கசியும் ஒளியும் தெரிந்துவிடும். விற்பனையாளர் கொஞ்சம் முறைத்துப் பார்க்கலாம். பரவாயில்லை, பணம் உங்களுடையது. எத்தனை புள்ளிகள் பழுதானால் மாற்றித் தருவார்கள், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

உங்கள் மடிக்கணினியில் என்ன துளை உள்ளது என்பதையும் முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா யு.எஸ்.பி. சி துளைகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 துளை 1080 புள்ளித் திரையை 120 ஹெர்ட்ஸ் வரை இயக்கும். 144-ஐ நம்பி வாங்கிவிட்டுப் பிறகு வருந்தக்கூடாது.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தியதும் விண்டோஸின் திரை அமைப்புக்குள் சென்று ஹெர்ட்ஸ் எண்ணை நீங்களே உயர்த்துங்கள். பல கணினிகளில் அது 60-லேயே நிற்கும். 144-க்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் 60-இல் ஆடும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சுருங்கச் சொன்னால், 24 அங்குலம், 1080 புள்ளிகள், ஐ.பி.எஸ்., உங்கள் கணினியின் வலிமைக்கேற்ப 100 முதல் 180 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க் வசதி. மாணவருக்கு இவை போதும். இவற்றுக்கு மேல் வாங்கத் தவணைக் கடன் எடுப்பதை நான் ஒப்பவில்லை. நம் சமூகத்தில் பல குடும்பங்கள் தவணையில் பொருள் வாங்கியே களைத்துப்போனவை. படித்த பிள்ளைகளாகிய நாமும் விளையாட்டுப் பொருளுக்காக அதே வழியில் போக வேண்டுமா? மிச்சப்படும் 200 ரிங்கிட்டில் நல்ல நாற்காலி ஒன்று வாங்கலாம். அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கலாம். வாங்கும் முன் கணினியைப் பாருங்கள், கண்ணைக் கேளுங்கள், பெட்டியைக் கடைசியாகப் படியுங்கள்.