பாட்டும் சுருதியும் கம்பியும்

மடியிற் கிடத்தி உருக்குத் தண்டால் வாசிக்கும் ஹவாய்க் கிற்றாரை நம் மாணவர் சிலர் பயில்கின்றனர், மகிழ்ச்சியே. ஆயின், பிறநாட்டு நூல் கூறும் சுருதியை அவ்வாறே வைத்துத் தேவாரம் வாசிக்க முயன்று, இறுதியிற் கருவியையே வெறுத்து விடுகின்றனர். குற்றம் கருவியின்மேலதன்று. கோட்டுவாத்தியம் போன்று சட்சம், பஞ்சமம், மேற்சட்சம் எனக் கூட்டுதலே நம் பண்களுக்கு ஏற்றது.

கம்பியின் பருமனும் நோக்கற்பாலது. நீளமும் இழுவிசையும் ஒத்தவிடத்து, இருமடங்கு விட்டமுள்ள உருக்குக் கம்பி ஒரு ஸ்தாயி தாழ்ந்தொலிக்கும். மெல்லியதை மிகத் தாழ்த்தினால் தளர்ந்து அதிரும். தடித்ததை மிக உயர்த்தினால் கருவியின் கழுத்து வளையவுங்கூடும்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலுக்குக் கணிதமும் செவியும் ஒருங்கே துணைநின்றன. அவ்வழி நின்று, பாட்டை முதலிலும் சுருதியைப் பின்னும் கம்பியை இறுதியிலும் தேர்வோமாக.