அரிமாவின் முழக்கம்

மாணவர்களே! சிங்கம் முழங்கும், புலி உறுமும், யானை பிளிறும் என மரபுச் சொற்களைப் பயின்றிருப்பீர்கள். அம்முழக்கம் எங்ஙனம் எழுகின்றது என்று எண்ணியதுண்டா? யானும் நெடுநாள் எண்ணியதில்லை. ஒருநாள் மாணவன் ஒருவன், "ஐயா, பூனை ஏன் முழங்குவதில்லை?" என்று வினவினான். "உடல் சிறிது, ஆதலின் குரலும் சிறிது" என்று விடையிறுத்து அவனை அமர்த்திவிட்டேன்.

அவ்விடை பிழை. அமெரிக்கக் காடுகளில் வாழும் பூமா பருமனில் சிறுத்தைக்கு இளைத்ததன்று; ஆயினும் அது முழங்குவதில்லை. சிறுத்தையோ முழங்கும்.

அங்ஙனமாயின் காரணம் யாது? நாவின் அடியில் குரல்வளையைத் தாங்கி நிற்கும் எலும்புக் கோவை ஒன்று உண்டு. பூனைக்கு அது முழுதும் எலும்பே. சிங்கம், புலி முதலியவற்றிற்கோ, இடையே ஓர் எலும்புக்கு மாறாக நீளும் இயல்புடைய நார் அமைந்துள்ளது. 1916ஆம் ஆண்டில் போக்காக் என்னும் ஆங்கில விலங்கியலார் இவ்வேறுபாட்டைக் கொண்டே பூனையினத்தை வகுத்தார். அதனால், முழக்கத்திற்கு அந்நாரே காரணம் என்று பலரும் எழுதினர், இன்றும் எழுதுகின்றனர். அக்கூற்றை முற்றும் ஏற்பதற்கில்லை என்பதே என் கருத்து. பனிச்சிறுத்தைக்கும் அந்நார் உண்டு. ஆயின் அது முழங்குவதில்லை. இவ்வொரு விலங்கே அக்கூற்றை மறுக்கப் போதுமன்றோ?

உண்மைக் காரணத்தைக் குரல்வளைக்குள்ளேயே தேடுதல் வேண்டும். அங்கே குரல் நாண்கள் உள்ளன. நாண் என்பது பெயரளவே. அவை வீணை நரம்பு போல்வன அல்ல, மடிப்புகளே. நுரையீரலினின்று எழும் காற்று அவற்றை அதிரச் செய்ய, ஒலி பிறக்கின்றது. பெரும்பாலான விலங்குகட்கு அம்மடிப்பு முக்கோண வடிவினது. சிங்கத்திற்கும் புலிக்குமோ அது சதுரமாய்த் தட்டை முகத்தோடு விளங்குகின்றது. உள்ளே கொழுப்பும் செறிந்துள்ளது. இதனை 2011ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். தட்டை முகத்தைக் காற்று எளிதில் அசைக்கும். ஆதலின் சிறிதளவு மூச்சழுத்தமே பேரொலி எழுப்பப் போதும். நெகிழ்ந்த அம்மடிப்புகள் ஒழுங்கின்றி அதிர்வதால் குரலில் கரகரப்பு மிகுகின்றது. வீறிட்டழும் பச்சிளங்குழந்தையின் குரலும் இவ்வாறே பிறக்கின்றது என்றால் வியப்பாக இல்லையா?

அந்நார்க்கும் பணியில்லாமல் இல்லை. குரல்வளை கீழிறங்க அது இடந்தரும், தொண்டைவழி நீளும், ஒலி ஆழம் பெறும். அவ்வொலி 8 கிலோமீட்டர் தொலைவும் கேட்குமாம். சினத்தினால் மட்டுமே சிங்கம் முழங்குகின்றது என்று எண்ணாதீர்கள். தன் எல்லையை அறிவிக்கவும் பிரிந்த இனத்தை அழைக்கவும் அது முழங்கும்.

வினவிய அம்மாணவன் இன்று எங்குளனோ அறியேன். காணின், அன்று கூறிய விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இதனைக் கூறுவேன்.